ஒட்டப்பட்ட தேதி

பசை கட்டிபடத் தொடங்கியதும் அஜந்தா அகப்பையை வேகமாகச் சுழற்றினாள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவது பெரிய வேலையல்ல. ஆனால் சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் கிணற்றடிக்கு அப்பால், முருங்கை மரத்தின் கீழே மூன்று கல்லை வைத்து நெருப்பு உண்டாக்கியிருந்தாள். கல்லைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் பந்தல்காலுக்குக் குழி தோண்டியவர்கள் இரண்டடி ஆழத்தில் கண்டெடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒரே அளவு. மூன்றிலும் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது.

"ஆருகா அங்க நெருப்பு மூட்டுற?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான்தான்மா. அறிவித்தல் ஒட்டப் பசை காய்ச்சிறன்."

"சாவு வீட்டில புகை கிளம்பினா பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"பசை காய்ச்சிறாள் எண்டு நினைப்பான்."

அம்மா அன்னப்பூரணிக்கு எழுபத்தெட்டு வயது. முதல்நாள் மாலை ஐந்தே காலுக்குக் கணவர் நல்லரத்தினத்தின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழவில்லை. எழுந்து போய் வாசல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு வந்து அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்தவள்தான்.

இன்ஷாப் முதல் பாதையில் வந்து இறங்கியிருந்தான். வாவியைக் கடக்கும் மோட்டார் தெப்பத்தைத்தான் அந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் அவனுக்குச் சிறிய அச்சகம் இருந்தது. சுருட்டிய தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றான்.

"அம்பது இரிக்கி அக்கா. எண்ணிப் பாருங்க. ஐயா எண்டா மொதல்ல பின்பக்கத்தத்தான் திருப்பிப் பாப்பாரு. பின்பக்கத்தில என்னத்தக் கண்டாரோ."

அஜந்தா ஒரு தாளை விரித்தாள். மரண அறிவித்தல். அப்பா கண்ணாடி போட்ட படம். படத்துக்குக் கீழே 'அன்னார்' என்ற இடத்தில் 'அனார்' என்று இருந்தது.

"இதில பிழை இருக்கு இன்ஷாப்."

"தெரியும். வேணுமெண்டுதான் உட்டன்." அவன் தாளைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்தபடி சொன்னான். "எங்கட வாப்பாக்கும் எனக்குமா முப்பது வருசம் பிழை புடிச்ச மனிசன். எழும்பி வந்து ஒருக்காத் திருத்தட்டும் எண்டு பாத்தன்."

அஜந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது. புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொண்டு கேக்கணும். போன மாசம் ஃபோனில கோல் எடுத்தாரு. நான் மவுத்தானா அம்பது அடி, அம்பத்தோராவது மகள்ட கையில இரிக்கும், அதுக்கும் சேத்துப் பசை காய்ச்சச் சொல்லு எண்டாரு. நான் பகிடி எண்டு நினைச்சன். அப்படி ஏதும் தந்தாரா?"

அவள் பசையை இறக்கி அவனுடைய வாளியில் ஊற்றினாள். ஒரு பால்மா டின் அளவை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். இன்ஷாப் அந்த டின்னைப் பார்த்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான்.

அவன் கேட்டது அவளுடைய தபாலகப் பைக்குள் இரண்டு நாளாக இருந்தது. அவள் தில்லைத்துறையின் உப தபாலதிபர். நீளமான மண்ணிற உறைகள் தினமும் அவளுடைய கையால் போகிறவை, வருகிறவை. இந்த உறை அப்பாவின் தலையணைக்குக் கீழிருந்து வந்தது. மேலே அவருடைய ஒழுங்கான கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'ஒட்டுவதற்கு. இடம்: துறையடி.' அதற்குக் கீழே, 'பறை அடிக்கும் நேரம் பார்த்து.'

நல்லரத்தினம் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். காணி அறிவித்தல்களை எழுதுவதும் அனுப்புவதும், அவை ஒட்டப்பட்டன என்ற அத்தாட்சி திரும்பி வந்ததும் கோப்புக் கோவையில் கட்டுவதும் அவருடைய வேலை. எழுதினாலும், ஒப்பம் வைத்தாலும், அச்சடித்தாலும் அது அறிவித்தல் ஆகாது என்பார். சுவரில் ஏறும்வரை அது வெறும் கடதாசி. தவணை ஓடத் தொடங்குவது ஒட்டிய நாளிலிருந்துதான். தாளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் அங்கே வந்ததுதான். ஒட்டிக் கிழித்த தாளின் பின்புறத்தில் பசை இருக்கும், சுண்ணாம்பு இருக்கும்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்தான் அங்கே வந்து வாழ்வான். அப்படித்தான் அவரும் அன்னப்பூரணியின் வீட்டுக்கு வந்தார். ஐந்து வருடங்களுக்கு முன்பு கூரை ஒழுகி, பரணில் இருந்த பழைய பெட்டியைக் கீழே இறக்கியபோது அதற்குள் மூன்று தாள்கள் கிடைத்தன. மூன்றிலும் மேலே சிங்கமும் குதிரையும் தாங்கிய முத்திரை. மூன்றும் ஒரே வாசகம். வருடம் 1898.

'இதனால் சகலரும் அறிய வேண்டியதாவது: கீழே விவரிக்கப்பட்ட காணிக்கு யாதொரு உரித்துப் பாராட்டும் ஆட்கள் எவராயினும் இருந்தால், இவ்வறிவித்தல் ஒட்டப்பட்ட தேதி முதல் மூன்று மாதத்துள் கச்சேரியில் ஏசண்டுத்துரை முன்பாகத் தோற்றித் தங்கள் உரித்தை ரூபிக்க வேண்டியது. தவறும் பட்சத்தில் மேற்படி காணி முடிக்குரியதாகத் தீர்க்கப்படும்.' கீழே, 'ஒட்டப்பட்ட தேதி' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

நல்லரத்தினம் மூன்றையும் புரட்டினார். பின்புறம் சுத்தமாக இருந்தது.

அடுத்த கிழமை அவர் தெரிந்தவர்களைப் பிடித்துப் பழைய கோவை ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் ஊர்த் தலைவரான விதானையின் அத்தாட்சி இருந்தது. துறையடியிலும் கோயிலடியிலும் தன் வாசலிலும் ஒட்டி, பறையடித்துப் பிரசித்தம் செய்ததாக எழுதி ஒப்பம் வைத்திருந்தவர் கதிராமப்போடி, அன்னப்பூரணியின் பூட்டன். மூன்று மாதத்துக்குள் உரித்துக் கேட்டு ஒருவரும் கச்சேரிக்குப் போகவில்லை. காணி முடிக்குரியதானது. அடுத்த வருடம் ஏலத்தில் அது விதானைக்கே வந்தது. அதில் ஒன்பது குடிசைகள் இருந்தன. ஒரு நாள் காலையில் கூரைகளைப் பிரித்தார்கள். ஆட்கள் தோணிகளில் ஏறி வாவிக்குள் போனார்கள். எந்தக் கரையில் இறங்கினார்கள் என்பது எந்தக் கோவையிலும் இல்லை.

அந்தக் காணிதான் இந்த வளவு.

அவர் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு தாளை வாங்கி அடுப்புக்குள் வைத்தாள். இன்னொன்றைக் கறையான் தின்றது. மூன்றாவதை அவர் தன் ஓய்வூதியக் கோவைக்குள் செருகி வைத்ததை அவள் அறியவில்லை. அஜந்தாவுக்கே இந்த மாதம்தான் தெரியும்.

இந்த மாதம்தான் அப்பா மாலையில் பேசத் தொடங்கியதும்.

"புள்ள, வாசல்ல ஆக்கள் நிக்காங்க. இருக்கச் சொல்லு."

முதல் நாள் அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரும் இல்லை என்றாள். அவர் கோபித்துக்கொண்டார். முதல் கிழமை மூன்று பேர் என்றார். பிறகு ஏழு. பிறகு எண்ண ஏலாது என்றார். அந்த நேரங்களில் நாய் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். குரைக்காது. ஒருநாள் அவருடைய மனதுக்காக அவள் முற்றத்தில் இறங்கி, வெறும் மணலைப் பார்த்து, "இருங்க," என்றாள். வேலிக்கு அப்பால் பள்ளத்தில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தின. அவள் திரும்பி உள்ளே வரும்வரை ஒன்றும் கத்தவில்லை.

"அவங்களுக்குச் சொல்லுப்படல்ல புள்ள," என்றார் அப்பா. "சொல்லாம எப்பிடி வருவாங்க? தவண இன்னும் தொடங்கவே இல்ல."

பதினொரு மணிக்குத் தம்பி சிவதர்ஷன் கொழும்பிலிருந்து வந்தான். அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தபோது அஜந்தா உறையைக் காட்டினாள். அவன் தாளை வெளியே எடுத்து நின்றபடியே வாசித்தான். இரண்டாவது முறையும் வாசித்தான்.

"அம்மா சொல்லித் தெரியும். எரிச்சாச்சு எண்டுதான் நினைச்சன். இத என்ன செய்யப் போறாய்?"

"ஒட்டப் போறன்."

"உனக்கு விசரா அக்கா? இது நாளைக்கு உன்ட மகள் தனுஷியாட வளவு. அந்தப் புள்ளைக்குக் கலியாணம் பேசுற வயசு. நம்மட குடி மானத்தத் துறையடியில ஒட்டப் போறியா? பூட்டன் கள்ளன் எண்டு?"

"இதில கள்ளன் எண்டு எங்க இருக்கு? உரித்து இருக்கிறவங்க வாங்க எண்டுதான் இருக்கு."

"ஆர் வருவான்? நூத்தியிருவத்தேழு வருசம். அந்தச் சட்டமும் இல்ல, அந்தத் துரையும் இல்ல."

"ஒருத்தரும் வராட்டி உனக்கு என்ன பயம்?"

அவன் முருங்கைக்குக் கீழே அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தான்.

"அந்தக் கல்லு எங்கால?"

"பந்தல்கால் குழிக்குள்ள கிடந்தது. ஆரோ சமைச்ச அடுப்பு."

சிவதர்ஷன் தாளை மடித்தான். "சரி. அப்பாட சாமான்தானே. பெட்டிக்குள்ள வைக்கிறன். அவரோடயே போகட்டும்."

அஜந்தா அவனுடைய கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். அப்படிப் பிடுங்குவாள் என்று அவளும் நினைத்திருக்கவில்லை.

"அவரோட போனா அங்கயும் அவரிட்டத்தான் கேப்பாங்க," என்றாள். உறையை இடுப்பில் செருகி மேலே முந்தானையை இழுத்து விட்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு மழை பெய்து ஓய்ந்தது. கிரியைகள் நடந்தன. அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். வாய்க்கரிசி போட்டாள். அப்பாவின் வலது கையில் நடுவிரல் பக்கத்தில் பேனை பிடித்துக் காய்த்த இடம் இன்னும் இருந்தது. அதை ஒருமுறை தொட்டாள். தொட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் பறை அடித்தது.

அவளுடைய கை அப்படியே நின்றது.

உறையின் மேலிருந்த இரண்டாவது வரியை அவள் கோயில் திருவிழாவுக்கு என்றே எடுத்திருந்தாள். திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, அதற்குள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். காலையில் டின்னில் பசை எடுத்து வைத்தது அப்பாவின் சொல்லைத் தட்டக் கூடாது என்பதற்காக மட்டும்தான். தில்லைத்துறையில் இப்போது பறை அடிப்பது இரண்டுக்குத்தான். திருவிழாவுக்கு ஒன்று. மற்றது இது. முப்பத்திரண்டு வருடம் தேதிகளைக் கணக்குப் பார்த்து எழுதிய மனிதர் இதையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஊரில் இருந்த ஆண்கள் எல்லோரும் போனார்கள். பாதை ஓட்டுகிறவன் தெப்பத்தை இந்தக் கரையில் கட்டிவிட்டு வந்து தோள் கொடுத்தான். இன்ஷாபும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடந்தான். பெண்கள் வாசல் படலையோடு நின்றார்கள். பறைச் சத்தம் வளைவில் திரும்பி, தென்னந்தோப்புக்குள் இறங்கி, மயானப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள்.

அஜந்தா டின்னையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தபோது, கிணற்றடியில் ஈரச் சேலையோடு அம்மா நின்றாள்.

"எங்க போறாய்?"

"துறையடிக்கு."

அன்னப்பூரணி அவளுடைய இடுப்பைப் பார்த்தாள். உறையின் ஒரு மூலை வெளியே தெரிந்தது.

"உங்கட அப்பாக்குப் படுக்கையில விழுந்த பிறகுதான் கேட்டது," என்றாள். "எனக்கு அஞ்சு வயசில கேட்டது."

அஜந்தா டின்னைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தாள்.

"எங்கட அம்மாதான் சொல்லித் தந்தா. பொழுதுபட முதல் அந்த ஜன்னலச் சாத்து, கேட்டாலும் கேட்டது எண்டு சொல்லாத எண்டு. நான் உனக்கு அதயும் சொல்லித் தரல்ல. நுளம்பு கடிக்கும் எண்டு சொன்னன்."

"என்னம்மா கேக்காங்க?"

"வேறென்ன. ஏதும் அறிவித்தல் வந்ததா எண்டுதான்." அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். நீர் கால்விரல்களில் வழிந்தது. "சண்டை பிடிக்கிற குரல் இல்ல. கச்சேரிக் கந்தோர் வாசல்ல நிண்டு கேக்கிற மாதிரி. மெதுவா. நான் ஒரு நாளும் மறுமொழி சொல்லல்ல."

தூரத்தில் பறை அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆடை கட்டுது. காய முதல் போ."

துறையடிக் கொட்டிலில் ஒருவரும் இல்லை. கயிற்றில் தெப்பம் லேசாக ஆடியது. எதிர்க்கரை மழைக்குப் பிறகு மங்கலாகக் கிடந்தது. கொட்டிலுக்கு முன்னாலிருந்த மணலில் காலையில் பதிந்த தடங்களை எல்லாம் மழை அழித்திருந்தது. அவளுடைய செருப்புத் தடம் மட்டும் ஒற்றை வரியாக விழுந்தது. சுவரில் அப்பாவின் படம் இருந்தது, 'அனார்' என்ற பிழையோடு.

அவள் அதற்குப் பக்கத்தில் பசை பூசினாள். தாள் பழையது. விரித்தபோது மடிப்பில் சிறிது கிழிந்தது. நான்கு மூலையையும் அழுத்தி, நடுவிலிருந்து வெளியே காற்றை வழித்து, அப்பா செய்வது போலவே செய்தாள். தபாலகப் பேனையை எடுத்துக் கோட்டின் மேல் எழுதினாள். 14.11.2025.

பறை நின்றது.

காற்றும் இல்லை. அவளுக்கு முதலில் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தோன்றியது. ஆனால் அதற்கு நேரம் போதாது. சத்தம் நின்ற இடம் இன்னும் தோப்புக்குள்தான். யாரோ எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் சுவரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். தபாலகத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக. இதனால் சகலரும் அறிய வேண்டியதாவது. வடக்கு எல்லை, தில்லங்காடு. கிழக்கு எல்லை, வாவி. உரித்துப் பாராட்டும் ஆட்கள் எவராயினும் இருந்தால். மூன்று மாதத்துள். கடைசியாக, தான் எழுதிய தேதியையும் வாசித்தாள்.

வாசித்து முடிந்ததும் பறை மறுபடி அடித்தது.

அவள் டின்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. முழுகிவிட்டு வந்து விளக்கேற்றினாள். அன்று அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை. அதற்குக் கீழே ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது ஐந்தே முக்கால். இன்னும் வெளிச்சம் இருந்தது. சிவதர்ஷன் தலை துவட்டாமல் நேரே அவளிடம் வந்தான்.

"ஒட்டிட்டியா?"

"ஓம்."

"எப்ப?"

"நீங்க தோப்புக்குள்ள போகக்குள்ள."

அவன் நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்தான். "நடுவழியில பறை நிண்டு போச்சு. ஆரும் நிப்பாட்டச் சொல்லல்ல. பறை அடிக்கிற பெரியவரிட்ட ஏன் நிப்பாட்டினீங்க எண்டு கேட்டன். 'வாசிச்சு முடியட்டும் தம்பி' எண்டார். என்னத்த வாசிக்கிற எண்டு கேட்டா மனிசன் என்னப் பாக்கிறார். தான் ஒண்டும் சொல்லல்ல எண்டு சொல்றார்."

அஜந்தா விளக்கின் திரியைத் தூண்டினாள்.

"நான் அதக் கிழிக்கப் போறன் அக்கா. விடிஞ்சா ஊர் பாக்கும்."

"போ. நானும் வாறன்."

இருவரும் நடந்தார்கள். வழியில் அவன் வேகமாகவும் அவள் வழக்கம்போலவும் நடந்ததால் அவன் இரண்டு மூன்று முறை நின்று அவளுக்காகக் காத்திருந்தான். தெப்பம் கட்டியபடியே இருந்தது. பாதை ஓட்டுகிறவன் இன்னும் சாவு வீட்டுப் பந்தலில்தான் இருந்தான். அன்று மாலை எவரும் வாவியைக் கடக்கவில்லை.

கொட்டிலுக்குப் பத்தடி முன்னால், தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், சிவதர்ஷன் நின்றான்.

தாள் சுவரில் இருந்தது. பசை காய்ந்து சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. அதற்கு முன்னால் மணலில் அவளுடைய செருப்புத் தடம் தெரியவில்லை. அதன் மேல் வேறு தடங்கள் விழுந்திருந்தன. எல்லாம் வெறுங்கால். எல்லா விரல்களும் சுவரைப் பார்த்திருந்தன. ஒரு சோடி மட்டும் சுவருக்கு மிகக் கிட்டப் போய் நின்றிருந்தது, வாசிக்கத் தெரிந்த ஒருவர் நிற்கிற தூரத்தில். மற்றவை அதைச் சுற்றி அரைவட்டமாக நெருங்கி நின்றிருந்தன. முன்வரிசையில் சிறிய பாதங்கள். ஒரு இடத்தில் கைத்தடி ஊன்றிய குழி. குழிக்குள் வாவித் தண்ணீர் கொஞ்சம் ஊறி மின்னியது.

சிவதர்ஷன் நின்ற இடத்திலிருந்து தாளைப் பார்த்தான். கை எட்டாத தூரம். உள்ளே போக ஒரு கால் வைக்க வேண்டும். அவன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். யாருடைய காலையும் மிதிக்காமல் கால் வைக்க அந்த மணலில் இடம் இருக்கவில்லை.

அவன் செருப்பைக் கழற்றினான். அஜந்தாவும் கழற்றினாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. இருவரும் அங்கே போய் நின்றார்கள்.